எலும்பு வார்டின் திரைகள்

அவளை எல்லோரும் கத்திரி என்றுதான் சொல்வார்கள். மருத்துவமனைத் தையல் அறையில் வேலை என்பதால் மட்டும் வந்த பெயரில்லை, நாக்கும் அப்படி. முதுகுக்குப் பின்னால் வார்டு ஊழியர்கள் வைத்த அந்தப் பெயர் ஒருநாள் அவள் காதுக்கே போனது. "நல்லவேளை, ஊசின்னு வைக்கல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாளாம்.

நான் பெண்கள் எலும்பு வார்டில் நான்காம் கட்டிலில் ஒன்பது வாரம் கிடந்தவள். இடுப்பில் விரிசல். அச்சகத்தில் பிழை திருத்துவது என் பிழைப்பு. அதனால் கூட்டிக் குறைத்துச் சொல்லும் பழக்கம் இல்லை. நான் பார்த்ததையும் அவளே என்னிடம் சொன்னதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

மருத்துவமனைக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் அவள் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். காலர் மட்டும். முழுச் சட்டை ஒன்றுகூட அவள் கையால் முடிந்ததில்லை. அங்கே ஒருநாள் கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்தது. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நின்று வாங்கினார்கள். இவள் டோக்கன் வாங்காமல் நேராகப் போனாள். மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் வேலை போனது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர், அதிகம் பேசாதவர். "சரி" என்றார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்துத் தான் பேசுவதாக அவள் அடிக்கடி சொல்வாள்.

அதன்பிறகு கிடைத்ததுதான் இந்த வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டி ஓர் அறை. சலவை ஆவியில் சுவர் எப்போதும் வியர்த்திருக்கும். இரண்டு தையல் இயந்திரங்கள். ஒன்று ஓடும், மற்றது அது ஓட உதிரிபாகம் கொடுக்கும். கிழிந்த படுக்கை விரிப்புக்கு ஒட்டுப்போடுவது, நோயாளிகள் அணியும் அங்கிக்கு நாடா தைப்பது, கட்டில்களைச் சுற்றித் தொங்கும் மறைப்புத் திரைகளின் ஓரம் அடிப்பது. ஆறு வருடம் அவள் இதைச் செய்தாள். தைத்த துணி யாரைச் சுற்றிப் போகிறது என்று பார்த்ததில்லை. அதற்கு அவளுடைய சொந்த அக்காவே வந்து படுக்க வேண்டியிருந்தது.

அக்கா பேருந்து நடத்துநர். பதினேழு வருடம் ஒரே வழித்தடம். பேருந்திலிருந்து இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு வண்டி மோதித் தொடையெலும்பு முறிந்தது. முதல் அறுவைக்குப் பிறகு எலும்பு சரியாகக் கூடாமல், காலை இழுத்துக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். வார்டில் எங்கள் ஆறு பேரில் அவருக்குத்தான் அசைய வழியே இல்லை. இரண்டாம் கட்டில். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கணுக்காலை அசைக்கச் சொல்லி இயன்முறைப் பயிற்சிக்கு வரும் பெண் தினமும் கெஞ்சுவாள். அக்கா கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் மதியம் கத்திரி சாப்பாட்டு டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா திரையைக் காட்டினார். பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் ஒரு துணி, நடுவில் சதுரமாக ஓர் ஒட்டு.

"இதை யாருடி தைச்சது?"

"நான்தான்."

"மேல் வரிசையில பதினாலு தையல். ஒன்பதாவது கோணல்."

கத்திரி எழுந்துபோய் எண்ணிப் பார்த்தாள். கோணல்தான். சிரித்தபடி திரும்பினாள். அக்கா சிரிக்கவில்லை.

"மேல பார்த்தா சீலிங். பக்கத்துல பார்த்தா இது. நான் என்ன பார்சலா, சுத்தி வச்சிருக்கிறதுக்கு?"

அன்று கத்திரி சாப்பாட்டை மூடிவைத்துவிட்டாள். அக்காவின் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் அவள் கேட்டதே இல்லையாம். திரையைக் கழற்றிக்கொண்டு போய் இரண்டு பூ வைத்துத் தைத்துத் தரட்டுமா என்று கேட்டாள். "பூவா? நான் இன்னும் சாகலடி" என்றார் அக்கா. பிறகு, தன்னுடைய வழித்தடத்தைத் தைக்க முடியுமா என்று கேட்டார். முப்பத்தோரு நிறுத்தம்.

புதுத் துணி கேட்டால் கிடைக்காது. ஆனால் தையல் அறையின் மூலையில் ஒரு மூட்டை உண்டு. அறுவை அறையின் பச்சை, மருத்துவர் அங்கியின் நீலம், குழந்தைகள் வார்டின் மஞ்சள், சமையலறைத் துண்டின் சிவப்புக் கோடு என்று, இனி உதவாது என முத்திரை குத்திக் கழித்துப்போட்ட துணிகள். துடைப்பதற்கு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவளிடம் இருந்த வண்ணங்கள் அந்த நான்குதான்.

நான்கு நாளில் திரை திரும்பி வந்தது. பச்சைச் சாலை வளைந்து வளைந்து ஓடியது. நிறுத்தங்கள் நீல வட்டம். ரயில்வே கேட் சிவப்புக் கோடு. அக்கா அரைமணி நேரம் நிறுத்தம் நிறுத்தமாகப் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூட நிறுத்தம் கேட்டுக்கு அந்தப் பக்கம் என்று திருத்தம் சொன்னார். கத்திரி அங்கேயே நின்று மாற்றித் தைத்தாள்.

மறுநாள் காலை அந்தக் கட்டிலிலிருந்து முணுமுணுப்புக் கேட்டது. அக்கா ஒவ்வொரு நிறுத்தமாகப் பெயர் சொல்லி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிறுத்தத்துக்குப் பத்துமுறை கணுக்காலை அசைப்பது என்று தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். காலையில் போக ஒரு நடை, மாலையில் வர ஒரு நடை. இயன்முறைப் பெண் வந்தபோது, "கொஞ்சம் நில்லும்மா, கேட் மூடியிருக்கு" என்றார். அந்தப் பெண் நின்றாள்.

அதன்பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? முதல் கட்டிலில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தீர்க்க முடியாத மாதிரி ஒரு கணக்கைத் தைத்துத் தரச் சொன்னார், எழுதியும் கொடுத்தார். ஐந்தாம் கட்டில் கல்லூரிப் பெண்ணுக்கு வீட்டில் அவளைத் தேடிக்கொண்டிருக்கும் நாய். மூன்றாம் கட்டிலில் இருந்தவர் கட்டட வேலை செய்பவர், மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு காலும் முறிந்திருந்தன. அவர் அந்தக் கட்டடத்தையே கேட்டார். விழுந்த இடத்தையே ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கத்திரி கேட்டாள்.

"சாரத்துக்குக் கைப்பிடி வச்சுத் தைங்க. மேஸ்திரிகிட்ட மூணு தடவை கேட்டேன், போடல. நீங்களாவது போடுங்க."

கத்திரி இரட்டைத் தையலில் கைப்பிடி வைத்தாள்.

ஆறாம் கட்டில் அம்மாவுக்கு அறுவைக்குப் பிறகு மனம் தடுமாறியிருந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் குழாயைப் பிடுங்குவார், கையைக் கட்டிவைப்பார்கள். அவரிடம் கேட்டுப் பதில் வாங்க முடியவில்லை. மகளைக் கேட்டபோது, மொட்டைமாடியில் உட்கார்ந்து மேகம் பார்ப்பார் என்றாள். கத்திரி பழைய விரிப்பில் பஞ்சு அடைத்து, கைக்கு எட்டும் உயரத்தில் நான்கு மேகம் தைத்தாள். அந்த அம்மா அதை அழுத்தி அழுத்திப் பார்த்தபடி இருப்பார். கை கட்டுவது குறைந்தது.

என் முறை வந்தது. எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். வருடம் முழுக்க எழுத்தையும் புள்ளியையும் துரத்தும் கண், கொஞ்சநாள் எதையும் பார்க்காமல் இருக்கட்டும். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒட்டே இல்லாத, நன்றாக வெளுத்து இஸ்திரி போட்ட ஒரு வெறும் திரையைக் கொண்டுவந்து மாட்டினாள். ஓரம் அத்தனை நேர்த்தி. "சும்மா இருக்கிறதும் நல்லா இருக்கணும்ல" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனைக்குப் புது நிர்வாகி வந்திருந்தார். தரச்சான்றுக்கான ஆய்வு வரப்போகிறது என்று கட்டடமே பரபரப்பாக இருந்தது. நோயாளிகளின் மனநலனுக்காகச் சூழலை அழகாக்க வேண்டும் என்று அந்தச் சான்றிலேயே ஒரு பகுதி இருக்கிறதாம். அதற்காக வரவேற்பறையிலும் நடைபாதையிலும் பெரிய பெரிய படங்களை மாட்டினார். பனிமலை, அருவி, கீழே புன்னகை பற்றி ஒரு வாசகம். எல்லாம் நடந்துபோகிறவர்களின் கண்மட்டத்தில். படுத்திருப்பவர்களுக்குத் தெரிந்தது எங்கள் வார்டு வாசலுக்கு எதிரே மாட்டிய ஓர் அருவிதான். எங்களில் நான்கு பேருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். "இதைப் பார்த்தா நாள் பூரா முட்டிக்கிட்டு நிக்குது" என்றார் அக்கா.

நிர்வாகி எங்கள் வார்டைச் சுற்றிப் பார்த்தார். முகம் மாறியது. மறுநாள் கத்திரிக்கு மெமோ வந்தது. நிறுவனத்தின் உடைமையை அனுமதியின்றி மாற்றியமைத்தது குற்றம், மூன்று நாளில் தையல்களைப் பிரித்துப் பழையபடி ஆக்க வேண்டும், எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

அவள் விளக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள், பிழை பார்த்துத் தரச்சொல்லி. நான்கே வரி. திரை கிழிந்து கிடந்தபோது யாருக்கும் மெமோ தரவில்லை. தைத்ததற்குத் தந்திருக்கிறீர்கள். காரணம் விளங்கவில்லை. தையலைப் பிரிக்க மாட்டேன்.

ஒற்றெழுத்து ஒன்றைச் சேர்த்தேன். கடைசி வரியில் 'பிரிக்க இயலாது' என்று போட்டால் மரியாதையாக இருக்கும் என்றேன்.

"இயலும்ங்க. அஞ்சு நிமிஷம் போதும். மாட்டேன், அவ்வளவுதான். அப்படியே இருக்கட்டும்."

அப்படியே போனது.

தொற்றுத் தடுப்பு வேலையைப் பார்க்கும் சிஸ்டரை நிர்வாகி அனுப்பினார். அவர் கண்டிப்புக்குப் பேர்போனவர், மருத்துவர்களையே கை கழுவச் சொல்லித் திருப்பி அனுப்புவார். ஒட்டுத்துணி மடிப்பில் கிருமி தங்கும் என்று அவரே சொல்லிவிட்டால் வேலை சுலபம் என்பது நிர்வாகியின் எண்ணம். சிஸ்டர் ஆறு திரையிலும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தார். சலவைக்குப் பிறகு மறுபடி எடுத்தார். நான்கு நாள் கழித்து வந்து, யாருக்கும் சாதகமில்லாமல் சொன்னார். தட்டையாகத் தைத்தவற்றுக்கும் வெறும் திரைக்கும் வித்தியாசமில்லை. மேகங்கள் ஆகாது, உள்ளே பஞ்சு ஈரம் காயாமல் இருக்கிறது.

கத்திரி அவரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அன்றைக்கே நான்கு மேகத்தையும் தன் கையாலேயே பிரித்தாள். பஞ்சில்லாமல் தட்டையாக வேறு தைத்து மாட்டினாள். ஆறாம் கட்டில் அம்மா அதை ஒருமுறை தடவிப் பார்த்தார், அப்புறம் தொடவேயில்லை. மறுபடி கை கட்டினார்கள். கத்திரி கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். ஆனால், "சிஸ்டர் சொன்னது சரி. சரின்னா செஞ்சுதான் ஆகணும். அவர் சொல்றது சரியில்ல" என்றாள். அவர் என்றது நிர்வாகியை.

நிர்வாகி விடவில்லை. சோதனை முடிவு எப்படியோ இருக்கட்டும், எல்லா வார்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். ஒரு காலை பத்து மணிக்கு, இரண்டு ஊழியர்களோடு திரைகளைக் கழற்ற அவரே வந்தார். கத்திரியும் பின்னால் நின்றாள், யாரோ சொல்லி ஓடிவந்திருந்தாள்.

அப்போது அக்கா கையை நீட்டித் தன் திரையை இழுத்து மூடினார். காலில் எடை தொங்கும்போது அது எவ்வளவு சிரமம் என்பது படுத்தவர்களுக்குத்தான் தெரியும். அதைப் பார்த்து டீச்சர் மூடினார். கட்டட வேலைக்காரர் மூடினார். ஐந்தாம் கட்டில் பெண் தன்னுடையதை மூடிவிட்டு, எட்டி ஆறாம் கட்டிலின் திரையையும் இழுத்துவிட்டாள். நான் யோசிக்கவே இல்லை, என் கையும் இழுத்தது. ஆறு திரைக்கு நடுவே மூன்று ஆண்கள் நின்றார்கள்.

திறக்கச் சொன்னார் நிர்வாகி. வார்டு சிஸ்டரின் குரல் அமைதியாகக் கேட்டது.

"பெண்கள் வார்டு சார். திரை மூடியிருந்தா உள்ளே இருக்கிறவங்களைக் கேட்டுட்டுத்தான் திறக்கணும். போன மாசம் நீங்க அனுப்பின சுற்றறிக்கை."

அவர் கேட்டார். கட்டில் கட்டிலாகக் கேட்டார். இப்போது முடியாது என்றார் டீச்சர். உடை மாற்றுவதாகச் சொன்னாள் ஐந்தாம் கட்டில் பெண். "இப்பதான் படுத்தேன்" என்றார், ஏழு வாரமாகப் படுத்திருந்த கட்டட வேலைக்காரர். நான் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கடைசியாக அவர் இரண்டாம் கட்டில் முன் வந்து நின்றார். துணிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா பேசினார்.

"பதினேழு வருஷம் எத்தனையோ பேரை ஏத்தி இறக்கியிருக்கேன் சார். யாரையும் கையைப் பிடிச்சு இழுத்ததில்ல. நீங்களும் எங்களை இழுக்காதீங்க."

இருபது நிமிடம் நின்றிருப்பார். அப்புறம் காலடி ஓசை வாசலைத் தாண்டிப் போனது. யாரும் கைதட்டவில்லை.

ஆனால் நிர்வாகி சாமர்த்தியசாலி. அந்த வாரச் சலவைக்குப் போன திரைகள் திரும்பி வரவில்லை. பதிலுக்குப் புத்தம்புதுச் சாம்பல்நிறத் திரைகள் வந்து தொங்கின. கத்திரியைத் தையல் அறையிலிருந்து எடுத்துச் சலவைக்கூடத்தில் போட்டார்கள். ஈரத்துணி மூட்டை தூக்கும் வேலை. நாற்பத்தெட்டு வயதில். மாலையில் வந்தபோது கை தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. "ஊசி குத்தாத வேலை, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றும் மறுநாளும் வண்டி ஓடவில்லை.

மூன்றாம் நாள் தொற்றுத் தடுப்பு சிஸ்டர் சோதனைக்கு வந்தார். ஆறாம் கட்டில் அம்மாவின் கட்டிய கையைப் பார்த்தார், அக்காவின் அசையாத காலைப் பார்த்தார். போகும்போது வாசலில் நின்று, யாரையும் குறிப்பிட்டுச் சொல்லாத மாதிரி சொன்னார்: நோயாளி வீட்டிலிருந்து சொந்தத் துணி இரண்டு வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது, வாரம் இருமுறை நம் சலவையில் வெளுத்தால் போதும், எங்கே விரிக்க வேண்டும் எங்கே தொங்கவிட வேண்டும் என்று எதுவும் போட்டிருக்கவில்லை.

அன்று மாலையே கத்திரிக்குச் சேதி போய்விட்டது. சலவைக்கூடத்தில் மூட்டைகளைத் துழாவினாள். முத்திரை குத்திக் கழித்துப்போட்ட எங்கள் பழைய திரைகள் அங்கேதான் கிடந்தன. துடைப்புத் துணி என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்தாள். சாலையை, நாயை, கட்டடத்தை, கணக்கை ஓரத்தோடு வெட்டி எடுத்தாள். "பிரிக்கல. வெட்டினேன்" என்று பிற்பாடு சொன்னாள். வீட்டு இயந்திரத்தில் ஓரம் மடித்து, தொங்கவிடக் காது வைத்துத் தைத்தாள். பேசாத கணவர் கொக்கி வளைத்துக் கொடுத்தாராம். மறுநாள் பார்வை நேரத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் துணியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாள். சாம்பல் திரையின் மேல் எல்லாம் ஏறின.

ஆறாம் கட்டில் அம்மாவுக்கு இரண்டு மேகம் வந்தது, மறுபடி பஞ்சு வைத்து. ஒன்று கையில் இருக்கும்போது மற்றது சலவை உலையில் வெந்து காய்ந்துகொண்டிருக்கும். தினமும் மாற்ற வேண்டும், பஞ்சு முழுதாகக் காய வேண்டும். அதைச் செய்ய ஆள் வேண்டுமே? சலவைக்கூடத்தில்தான் கத்திரி இருக்கிறாளே. ஒவ்வொரு மேகத்தையும் அழுத்திப் பார்த்துக் காய்ந்ததை உறுதி செய்த பிறகே தொற்றுத் தடுப்பு சிஸ்டர் மேலே அனுப்ப விட்டார். கைக்கட்டு அவிழ்ந்தது.

ஆய்வுக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அக்காவின் கட்டிலருகே நின்று இது என்ன என்று கேட்டார். "என் ரூட்டு" என்றார் அக்கா. அவர் தலையாட்டிவிட்டு, கை கழுவும் மருந்து தீர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனார். சான்று கிடைத்தது. அறிக்கையில் அருவிப் படங்களுக்கு ஒரு பாராட்டு வரி இருந்ததாம். துணிகளைப் பற்றி ஒன்றுமில்லை.

அக்கா பதினான்காம் வாரம் கைத்தடி ஊன்றி நடந்து போனார். இப்போது பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறார், கேட்பவர்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லத் தெரியாது என்று புகார். நான் மாதம் ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அடித்தளத்துக்கும் போய்வருகிறேன். ஏழு மாதத்தில் கத்திரி தையல் அறைக்குத் திரும்பிவிட்டாள். யாரும் இரக்கப்படவில்லை. அவளுக்குப் பதிலாக வெளியே கொடுத்துத் தைத்த அங்கிகளில் நாடா அறுந்து, நோயாளிகள் முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. ஆண்கள் எலும்பு வார்டிலிருந்து ஆள் வந்தது, அப்புறம் நரம்பு வார்டிலிருந்து. யாரும் அனுமதி கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. புதிதாகச் சேர்பவர்களிடம் வார்டு சிஸ்டர்களே, சொந்தத் துணி கொண்டுவருகிறீர்களா, அதில் ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

மெமோ மட்டும் அவள் கோப்பில் அப்படியே இருக்கிறது. வருடா வருடம் ஊழியர் மதிப்பீட்டின்போது, நடந்ததற்கு வருந்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் எடுத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். இரண்டு வருடம் அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். இந்த வருடம் அலுவலகக் குமாஸ்தா தாளை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கே வந்தபோது நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். பாவம், நல்ல மனிதர், அவருக்கு இந்தக் கோப்பை மூடினால் போதும். கத்திரி இயந்திரத்தை நிறுத்திப் பேனாவை வாங்கினாள். கட்டத்தில் நிதானமாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று வார்டுக்குத்தான் தைக்க முடிந்தது, என்று.

குமாஸ்தா இரண்டுமுறை படித்தார். இது வருத்தத்துக்கான இடம் என்று எடுத்துச் சொன்னார்.

"அதைத்தானே எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பாபினில் நூல் சுற்ற ஆரம்பித்தாள்.